டாக்டர் வீட்டிலேயே இருந்தார். மூன்று பெண்கள் இறந்தார்கள்: ஐடா ஸ்கடர் வாழ்க்கையும் கர்ப்பகால அபாய அறிகுறிகளும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகப் போனால் திண்டிவனம் சுமார் 65 கி.மீ. 1890களின் தொடக்கத்தில் ஒரு ராத்திரி, அந்த ஊரில் மூன்று வீடுகளில் மூன்று பெண்களுக்குப் பிரசவம் சிக்கலானது. மூன்று பேரின் கணவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து தட்டியது ஒரே பங்களாவின் கதவை. உள்ளே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கடர் இருந்தார். ஆனா, வந்த யாரும் அவரைக் கேட்கவில்லை. அவருடைய மகளைக் கேட்டார்கள்.

மகள் ஐடாவுக்கு அப்போது இருபது வயசு சுமார். மருத்துவம் படித்தவர் இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாது, அப்பாவை அழைத்துப் போங்கள், வேண்டுமானால் நானும் கூட வருகிறேன் என்று முதலில் வந்த பிராமண இளைஞரிடம் கெஞ்சிப் பார்த்தார். வெளி ஆண் ஒருவர் பிரசவ அறைக்குள் வருவதை அந்த வீடு ஏற்காது என்று அவர் திரும்பிப் போனார். அடுத்து வந்தவர் முஸ்லிம், மூன்றாவதாக வந்தவர் இன்னொரு இந்துக் குடும்பத்தவர். இரண்டு பேரிடமும் அதே கெஞ்சல், இரண்டு பேரிடமிருந்தும் அதே பதில். மறுநாள் காலையில் சாவு மேளம் கேட்டது. விசாரித்தால் மூன்று பெண்களுமே போய்விட்டார்கள்.

பெண் டாக்டர் ஏன் தேவை என்பதற்குத்தான் இந்தக் கதையை எப்போதும் சொல்வார்கள். அது சரிதான். ஆனா இதற்குள்ளே இன்னொரு விஷயமும் இருக்கு. அந்த ராத்திரி டாக்டர் இருந்தார். சிக்கல் என்பதும் வீட்டுக்குத் தெரிந்திருந்தது, இல்லாவிட்டால் நடுராத்திரியில் யாரும் கதவைத் தட்டப் போவதில்லை. நடக்காமல் போனது அதற்கு அடுத்த படிதான். அந்த முடிவை எடுத்த இடத்தில், வலியில் கிடந்த பெண் இல்லை.

திரும்பிப் போக வந்தவர்

ஐடா ஸ்கடர் பிறந்தது 1870 டிசம்பர் 9, ராணிப்பேட்டையில். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே இலங்கைக்கு வந்து, பிறகு சென்னையில் வேலை செய்த அமெரிக்க மருத்துவ மிஷனரி. அப்பாவும் அதே வழி, சித்தப்பா பெரியப்பாக்களும் அதே வழி. ஐடாவுக்கு ஆறேழு வயதில் தாது வருஷப் பஞ்சம். தெருவில் குழந்தைகள் பசியில் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவர். அதனாலோ என்னவோ, இந்தியாவே வேண்டாம் என்பதுதான் அவருடைய முடிவு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்தார். அங்கேயே கல்யாணம், அங்கேயே வாழ்க்கை என்று கனவு.

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வர, கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று திண்டிவனம் வந்தார். (திருவண்ணாமலைக்காரர்களுக்கு ஒரு சின்னத் தகவல்: 1896-ல் மதுரையிலிருந்து அருணாசலத்துக்குக் கிளம்பிய சிறுவன் வேங்கடராமன், பிற்காலத்து ரமணர், பழைய வரைபடத்தைப் பார்த்து டிக்கெட் வாங்கியது இதே திண்டிவனத்துக்குத்தான்.) அந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு ஐடாவின் கணக்கு மாறிவிட்டது. டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று பெற்றோரிடம் சொன்னார்.

தாமதம் எங்கே நடக்கிறது?

அந்தக் காலத்து மருத்துவத்தால் மூன்று பேரையும் காப்பாற்றியிருக்க முடியுமா? உறுதியாகச் சொல்ல முடியாது, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடணும். குளோரோஃபார்ம் இருந்தது. குழந்தையை இடுக்கியால் பிடித்து எடுக்கும் ஆயுதப் பிரசவம் தெரியும். தங்கிவிட்ட நஞ்சுக்கொடியைக் கையால் எடுக்கவும் தெரியும். ஆனா ரத்த வகைகள் கண்டுபிடிக்கப்பட்டதே 1901-ல். பிரசவக் காய்ச்சலை நிறுத்தும் மருந்து 1930களில்தான் வந்தது. அதுவரைக்கும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும்கூடப் பிரசவ மரணங்கள் பெரிதாகக் குறையவில்லை.

இன்றைக்கு மருந்து இருக்கு, ரத்தம் இருக்கு, ஆபரேஷன் தியேட்டர் இருக்கு. அப்புறமும் ஏன் தாய்மார்கள் இறக்கிறார்கள்? 1994-ல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். மூன்று தாமதங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். உலகம் முழுக்க இதைத்தான் பாடமாக வைத்திருக்கிறார்கள். திண்டிவனத்தில் நடந்தது முதல் வகை. பஸ்ஸோ ஆம்புலன்ஸோ சரிசெய்ய முடியாத வகையும் அதுதான்.

பத்தாயிரம் டாலரும் ஒரு சின்ன அறையும்

ஐடா 1895-ல் பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்ததும் அங்கே மாறி, 1899-ல் பட்டம் வாங்கினார். ஊர் திரும்பும் முன் பெண்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்ட நன்கொடை கேட்டு அலைந்தபோது, ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார்.

1900-ம் வருஷம் பிறக்கும்போது ஐடா இந்தியாவில் இருந்தார். அப்பாவிடம் கூடவே இருந்து தொழில் பழகலாம் என்பது திட்டம். சில மாதங்களிலேயே அப்பா இறந்துவிட்டார். ஆஸ்பத்திரி இன்னும் கட்டி முடியவில்லை. வேலூரில் மிஷன் பங்களாவின் ஒரு சின்ன அறையில், பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும், தனியாகவே தொடங்கினார். மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளுடன் 1902-ல் திறந்தது.

படித்த பெண் டாக்டர் வந்தாச்சு, கட்டடமும் வந்தாச்சு, இனி எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று நினைத்தால் அதுதான் இல்லை. நாட்டு மருத்துவச்சி, மந்திரிப்பு எல்லாம் பார்த்து, எதுவும் கேட்காத கட்டத்தில் கடைசியாக ஆஸ்பத்திரி. வரும்போது கையில் நேரம் இருக்காது. டாக்டரிடம் போனால் சாவுதான் என்ற பேச்சும் இப்படித்தான் பரவும்: சாகும் நேரத்தில் கொண்டுவந்தால் சாவு ஆஸ்பத்திரியில்தானே நடக்கும்?

ஐடா செய்தது நேர் எதிர். அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் இவர் கிளம்பினார். முதலில் மாட்டு வண்டி. 1909-ல் ஒரு சின்ன பெஜோ கார் வந்தது. வயலில் வேலை செய்தவர்கள் பேய் வருகிறது என்று ஓடினார்கள் என்பது வேலூரில் இன்றும் சொல்லப்படும் கதை. குடியாத்தம் சாலையில் குறிப்பிட்ட மரத்தடிகளில், குறிப்பிட்ட நாளில் வண்டி நிற்கும். புண், கண் நோய், காய்ச்சல் என்று எதற்காக வந்தாலும் பார்ப்பார்கள். இன்றைக்கு மாசாமாசம் செக்கப் என்று நாம் சொல்வதற்கும் அந்த மரத்தடிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிரச்சினை வரும் முன்பே டாக்டரின் முகம் பழகியிருந்தால், பிரச்சினை வரும்போது போகத் தயக்கம் இருக்காது.

சரி, என்னென்ன அறிகுறிகள்?

தலைவலியிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா இதைத்தான் அதிகம் பேர் சாதாரணமாக விடுகிறார்கள். கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு (20 வாரம்) விடாத கடும் தலைவலி, கண் மங்கல், கண் முன்னால் மின்னுவது, மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது: இவை ரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். கால் வீக்கத்தை மட்டும் பார்த்து, மாசமா இருந்தா நீர் கோக்கத்தான் செய்யும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. சாயங்காலம் கால் வீங்கி, காலையில் வடிந்தால் பெரும்பாலும் பயமில்லை. மோதிரம் இறுகினால், காலையில் எழும்போதே முகம் ஊதியிருந்தால் அன்றைக்கே பிரஷர் பார்க்கணும். 140/90 அல்லது அதற்கு மேல் போனால் டாக்டர் கண்காணிப்பு கட்டாயம். வீக்கமே இல்லாமலும் பிரஷர் ஏறலாம் என்பதால்தான் ஒவ்வொரு செக்கப்பிலும் அளக்கிறார்கள்.

இதைக் கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம். நம்ம பக்கத்தில் ஜன்னி என்று சொன்ன பல மரணங்களுக்குப் பின்னால் இதுவும் இருந்திருக்கும். மக்னீசியம் சல்ஃபேட் என்ற விலை குறைந்த ஊசி வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று 2002-ல் வெளியான பல நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. ஆனா அந்த ஊசி ஆஸ்பத்திரியில்தான் இருக்கு. வீட்டிலேயே வலிப்பு வந்துவிட்டால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். 108-க்கு போன் போடுங்கள்.

அடுத்தது உதிரப்போக்கு. கர்ப்பத்தில் எந்த மாதத்தில் ரத்தம் பட்டாலும் டாக்டருக்குத் தெரியணும். கடைசி மாதங்களில் வலியே இல்லாமல் வரும் ரத்தம்தான் ஏமாற்றும். வலி இல்லையே, கொஞ்ச நேரம் படுத்தால் நின்றுவிடும் என்று தோணும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்திருந்தால் இப்படித்தான் தொடங்கும், அடுத்த முறை மொத்தமாகக் கொட்டலாம். வயிறு கல் மாதிரி இறுகி வலியோடு ரத்தம் வந்தால் அதுவும் அவசரம்தான்.

குழந்தையின் அசைவு. ஏழாம் மாதத்திலிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பழக்கம் வந்துவிடும். சிலது ராத்திரியில் உதைக்கும், சிலது அம்மா சாப்பிட்டதும். எத்தனை உதை என்ற எண்ணைவிட, வழக்கத்தைவிடக் குறைஞ்சிருக்கா என்பதுதான் கேள்வி. குறைந்த மாதிரி தோணினால் அன்றைக்கே போகணும், நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. போனில் இதயத் துடிப்பு காட்டும் ஆப், ஆன்லைனில் வாங்கிய சின்னக் கருவி இரண்டையும் நம்ப வேண்டாம். துடிப்பு கேட்டது என்பதற்காகக் குழந்தை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்த டுக் டுக் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஒரு ராத்திரியைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

பனிக்குடம் உடைந்துவிட்டால் வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்னும் அவசரம். நேரத்தையும் நிறத்தையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்பார். காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், மூச்சு வாங்கல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், எதுவும் தங்காத வாந்தி, கடைசி மாதங்களில் உள்ளங்கை உள்ளங்காலில் தாங்க முடியாத அரிப்பு: இவையும் பட்டியலில் உண்டு. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே கடுமையான ரத்தசோகை. அப்படிப்பட்ட உடம்பு, மற்றவர்கள் தாங்கும் ரத்த இழப்பைத் தாங்காது.

அப்புறம் நம்ம வீடுகளுக்கே உரிய ஒன்று, சூட்டு வலி. சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம், அடங்கினால் சூடு, அடங்காவிட்டால் பிரசவ வலி என்பது பாட்டிமார் கணக்கு. இதில் தப்பாக ஒன்றும் இல்லை. பொய் வலி ஓய்வில் அடங்கும், நிஜ வலி சீராக வந்து நெருங்கிக்கொண்டே போகும். ஆனா 37 வாரம் முடியும் முன் வலி சீராக வந்தால், அல்லது வலியோடு ரத்தமோ தண்ணீரோ வந்தால், சீரகத்துக்கு அங்கே வேலை இல்லை. நேரத்தை அதில் விடாதீர்கள். நாள்கணக்கில் நீண்ட பிரசவம் குழந்தையை மட்டும் பறிப்பதில்லை. சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்து, வாழ்நாள் முழுக்கச் சிறுநீர் கசிந்து, அதனாலேயே வீட்டில் ஒதுக்கப்பட்ட பெண்கள் ஒரு காலத்தில் இங்கே நிறைய.

ஒரு ஐடா போதாது

எவ்வளவு மரத்தடிக்குத்தான் ஒருத்தர் போக முடியும்? 1909-லேயே நர்ஸ் பயிற்சி தொடங்கினார். பிறகு பெண்களுக்கு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று கேட்டார். அரசு மருத்துவ அதிகாரிக்கு நம்பிக்கை இல்லை. ஆண்களே பெரும்பாலும் ஃபெயில் ஆகும் தேர்வு, ரொம்ப எதிர்பார்க்காதீர்கள் என்று எச்சரித்தார். 1918 ஆகஸ்ட் 12-ல் பள்ளி திறந்தது. முதல் அணியில் தேர்வெழுதிய 14 பெண்களும் பாஸ். இந்த இடத்தைப் படிக்கும்போது யாருக்கும் கொஞ்சம் விசில் அடிக்கத் தோணும்.

1930களின் கடைசியில் வேறொரு நெருக்கடி. இனி எம்பிபிஎஸ் தரம் இருந்தால்தான் மருத்துவப் பள்ளி நடத்தலாம் என்று அரசு முடிவெடுத்தது. ஐடாவுக்கு அப்போது எழுபது வயதை நெருங்கியிருந்தது. மறுபடி அமெரிக்கா, மறுபடி நன்கொடை. 1942-ல் எம்பிபிஎஸ் வகுப்பு தொடங்கியது, 1947-ல் ஆண் மாணவர்களும் வந்தார்கள். அதற்கு முந்தைய வருஷமே ஐடா ஓய்வுபெற்றுவிட்டார். அந்தப் பள்ளிதான் இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, நம்ம வாயில் சிஎம்சி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960 மே 24-ல் கொடைக்கானலில், 89 வயதில் இறந்தார்.

இன்றைக்குத் திருவண்ணாமலையில்

2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் இந்தியாவில் 97 தாய்மார்கள் இறக்கிறார்கள். தமிழ்நாட்டில் 54. பெரிய முன்னேற்றம்தான். ஆனா அந்த 54-ம் ஒவ்வொரு வீடு.

முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியது கொஞ்சம்தான். கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்து பிக்மி எண் வாங்கிவிடுங்கள். அந்த 12 இலக்க எண்ணையும், தாய் அட்டையின் எல்லாப் பக்கங்களையும், ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் போட்டோ எடுத்துக் கணவர், அம்மா, மாமியார் எல்லார் போனிலும் வையுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் ஃபைல் ஓர் ஊரிலும் ஆள் ஓர் ஊரிலும் ஆகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ ஏழு மாசம் பார்த்த டாக்டருக்குத் தெரிந்த பிரஷர் கதை, திருவண்ணாமலையில் நடுராத்திரி பார்க்கும் டாக்டருக்குத் தெரியாது. தாய்வீடு வந்த வாரமே உள்ளூரில் ஒரு செக்கப் போய்விடுவது நல்லது.

எந்த ஆஸ்பத்திரி என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ராத்திரி இரண்டு மணிக்கு இங்கே ஆபரேஷன் செய்யவும் ரத்தம் ஏற்றவும் முடியுமா? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயங்கும் சீமாங் மையம் இதற்காகவே 24 மணி நேரமும் இருப்பது. தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் கிரிவலப் பாதையை ஒட்டி இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்கணும். அன்று வாகனங்களைத் திருப்பிவிடுவார்கள், ஆட்டோ கிடைக்காது. பிரசவ தேதி அந்த வாரத்தில் விழுந்தால் கூட்டத்துக்கு வெளியே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்குவது சுலபம். ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கு இது இன்னும் பொருந்தும். மலைப் பகுதி சுகாதார நிலையங்களில் தேதிக்கு முன்பே வந்து தங்கும் ஏற்பாடு அதற்காகத்தான். சந்தேகம் கேட்க 104, வண்டிக்கு 108. இரண்டும் இலவசம்.

வீட்டுக்குள் பேசிவைக்க வேண்டியது ஒன்று பாக்கி. மாமனார் வரட்டும், ராகு காலம் முடியட்டும், விடியட்டும் என்று யாருக்காகவும் காத்திருக்காமல், அவளுக்கு ஏதோ சரியில்லை என்று அவளே சொன்னால் உடனே வண்டி கூப்பிடலாம் என்று முன்னாடியே எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். வலி நேரத்தில் விவாதம் நடத்த முடியாது. போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்படவும் வேண்டாம். மறுபடி தோணினால் மறுபடி போங்கள்.

குழந்தை பிறந்ததோடு இந்தப் பட்டியல் முடியாது. அடுத்த 42 நாளும் கணக்கில் உண்டு. பிறந்த பிறகு வரும் அதிக ரத்தப்போக்கு கவனிக்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில்கூட உயிரை எடுக்கும். வீட்டுக்கு வந்த பின் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், கடும் தலைவலி வந்தால், யாரிடமும் பேசாமல் அழுதுகொண்டே இருந்தால், குழந்தையைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களை உட்காரவைத்துவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.